தொண்டையில் நின்ற கவளம்

ஊரைவிட்டு வந்து குடியேறிய செவன் கிங்ஸ் வீட்டில் ஒரு மதியம், வாயில் வைத்த கவளம் தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. பிறகு இடியப்பமும் நின்றது. எண்பதுகளின் இறுதி அது. மாரிக்குளிர் முடிவதற்குள், மெலிந்த கையில் என் காப்பு முழங்கைவரை ஏறிவிட்டது.

"கொஞ்சம் கஞ்சியெண்டாலும் குடியுமப்பா" என்று கணவர் கெஞ்சுவார்.

"ஏலாதப்பா."

ஆஸ்பத்திரியில் பேரியம் பரிசோதனை (வெண்கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே) செய்தார்கள். "ஒன்றுமே இல்லை" என்றார் டாக்டர், நல்ல செய்தி சொல்கிறவரைப் போல. ஒன்றுமில்லாமலே சாகப்போகிறேனே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உளப்பகுப்பாய்வுக்கு (மனத்தில் அமுங்கிக் கிடப்பதைப் பேச்சால் வெளிக்கொணரும் சிகிச்சை) அனுப்பினார்கள். ஆர்ச்வேயில், முருகன் கோவிலுக்குப் போகும் ஏற்றத்தில் வீடு. எண்பது கடந்த வெள்ளைக்கார அம்மையார், மூச்சு வாங்கியபடி கதவைத் திறந்தார். அந்தச் சிகிச்சை அங்கே வேரூன்றிய காலத்திலேயே அதில் இறங்கியவர். அலமாரியிலிருந்த தடித்த புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பாதி நான் எழுதியது. அட்டையில் என் ஆசிரியரின் பெயர்" என்றார், இன்று குளிர் அதிகம் என்கிற குரலில்.

படுத்துக்கொண்டு பேசச் சொன்னார். வயதானவர் முன் கால் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தே மாதக்கணக்கில் பேசினேன். போர் நடந்த ஊரில் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத தம்பியைப் பற்றி மட்டும் "ஊரில் இருக்கிறான்" என்று சொல்லிக் கடந்துவிடுவேன்.

அப்படி நான் மீண்டும் கடந்துபோன ஒருநாள் கேட்டார்: "உங்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் எப்போது சாப்பிடுவீர்கள்?"

"பிரேதம் எடுத்த பிறகு. அதுவரை அடுப்பு மூட்டமாட்டோம்."

"தம்பியை எடுத்துவிட்டீர்களா?"

"அவன் சாகேல்லை!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் என்னவென்று கேட்கவில்லை. நான் அழுது முடியும்வரை இருந்தார்.

அந்தக் கிழமை அரைக் கோப்பை கஞ்சி இறங்கியது. சோறு இறங்க இன்னொரு மாரி ஆனது. உங்களுக்கும் சோதனைகளில் எல்லாம் சரியென்று வந்திருந்தால், உடல் பொய் சொல்கிறது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

அந்த அம்மையார் இறந்தபோது, பிரபல மருத்துவரின் உதவியாளர் காலமானார் என்று பத்திரிகையில் சிறிதாகப் போட்டிருந்தார்கள். உதவியாளராம்! அந்தத் தடித்த புத்தகத்தில் பாதி அவர் எழுதியது. தகனத்துக்கு நோயாளிகளை அழைக்கவில்லை. அன்று நான் அடுப்பு மூட்டவில்லை.

"தேத்தண்ணியெண்டாலும் போடட்டே?" என்றார் கணவர்.

"முதல்ல அவவை எடுக்கட்டும்."

பிற்பகலில் தலைமுழுகி, சோறாக்கிச் சாப்பிட்டேன்.

காப்பு மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. தம்பி வரவில்லை, அவன் உடலும் வரவில்லை. இன்றும் முதல் கவளம் தொண்டையில் சற்று நின்றுதான் இறங்குகிறது. அந்த நேரம் அவனுக்கு. காத்திருந்துவிட்டு, அடுத்த கவளத்தைப் பிசைகிறேன்.