குளிரறைச் சுஜீதன்

பகல் பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பெட்டியைத் திறப்பதற்கு முன், சுஜீதன் தொலைபேசியை வேனின் ஸ்டியரிங்கில் சாய்த்து நிறுத்துவார். முல்லைத்தீவில் அப்போது காலை ஏழு மணி. படகுகள் கரைக்கு வந்திருக்கும். அழைப்பு எடுபட்டதும் சுகம் விசாரிக்க மாட்டார். “அக்கா, கதவு வடிவாச் சாத்துதோ?” என்பார். மறுமுனையில் இருக்கும் பவளராணி அங்குள்ள மீனவப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். அவர் அங்குள்ள குளிரறையின் கதவைச் சாத்திக் காட்டுவார். அதன்பிறகுதான் இவருக்கு முதல் கவளம்.

சிட்னியில், பரமட்டாப் பக்கத்து இறைச்சிக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் குளிரறை திருத்துவது சுஜீதனின் தொழில். என் அலுவலகமும் அங்கேதான். செவ்வாய்க்கிழமைகளில் நான் அவருடைய வேனில் ஏறிக்கொள்வேன், இருவருமாகச் சாப்பிடுவோம். வயது நாற்பத்துமூன்று. அகதியாகப் படகில் வந்தவர். இத்தனை வருடத்துக்குப் பிறகும் தற்காலிக விசாதான்.

யார் வீட்டுக்குப் போனாலும் கதிரையில் உட்காருமுன் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். நார்த்மீட்டில் ஒரு வீடு குடிபூரலுக்குப் போன இடத்தில் ஆளைக் காணவில்லை என்று தேடினோம். குசினியில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குந்தியிருந்து, பழைய பல்துலக்கியால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். “மூச்சு விடேலாமக் கிடக்கு, பாவம்” என்றார், பட்டு வேட்டியெல்லாம் ஒட்டறையாக.

பவளராணியின் கரையில் போருக்குப் பிறகு படகுகள் வந்துவிட்டன. ஐஸ் மட்டும் வியாபாரியின் லொறியில்தான் இருந்தது. லொறி எட்டு மணிக்குப் புறப்படும், அதற்குள் அவன் சொன்னதுதான் விலை. மறுத்தால் மீன் வெயிலில் கிடந்து நாறும். நான்கு வருடங்களுக்கு முன் அந்தப் பெண்கள் ஒரு பழைய லொறிப் பெட்டியைப் பிடித்துக் குளிரறையாக்க முயன்றபோது, யாரோ சுஜீதனின் இலக்கத்தைக் கொடுத்தார்கள். இவர் கொப்பியில் படம் கீறிக் கீறி அனுப்பினார். கூரையில் சூரியத் தகடு பூட்டினார்கள். இப்போது மீன் மாலைவரை காத்திருக்கிறது. மிஞ்சுவது கருவாடாகிறது, தலையும் குடலும் உள்ளூர்த் தோட்டங்களுக்கு எருவாகப் போகின்றன. நாற்பது குடும்பங்கள் அந்தப் பெட்டியை நம்பியிருக்கின்றன. சுஜீதன் அதை நேரில் கண்டதில்லை. விசா விடாது.

ஒன்றில் மட்டும் பிடிவாதம். சிட்னியிலிருந்து ஒரு ஆணிகூட அனுப்ப மாட்டார். “அங்கத்தைக் கடையில வாங்கேலாத சாமான் அந்த அறைக்குள்ள இருக்கக்கூடாது. பிறகு நான் செத்தா மீனும் சாகும்.”

உங்களுக்கும் அந்தக் கரைக்கும் என்ன தொடர்பு என்று ஒருநாள் கேட்டேன். அவர் கிளிநொச்சிக்காரர், வயல் குடும்பம். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். போரின் கடைசி மாதங்களில் அந்தக் கரையில் இருந்தாராம். ஷெல்லுக்குள்ளும் சிலர் கடலுக்குப் போய் வந்தார்கள். ஒரு காலை, பதுங்குகுழி வாசலில் யாரோ ஒரு பை சூடை மீனை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா கஞ்சிக்குள் போட்டார். உப்பில்லாத கஞ்சி அன்றைக்கு உணவாயிற்று.

“ஆர் தந்ததெண்டு தெரியாது. அதால அந்தக் கரையில எல்லாருக்கும் செய்யவேண்டிக் கிடக்கு.”

இந்த ஜனவரியில், இங்கே வெயில் முப்பத்தொன்பதைத் தொட்ட செவ்வாய்க்கிழமை. அழைப்பு அங்கிருந்தே வந்தது.

“தம்பி, அறைக்குள்ள சூடு பதினொண்டு காட்டுது. ஏறிக்கொண்டே போகுது. உள்ளுக்கு முந்நூறு கிலோ பாரை.” என்றார் பவளராணி.

சுஜீதன் சோற்றுப் பெட்டியை என் மடியில் வைத்தார். “வெளி மிசினில விசிறி சுத்துதோ?”

“இல்லை. முனகுது.”

“ஒரு தடியால மெல்லத் தள்ளிவிடுங்கோ.”

சத்தம் மாறியது. “சுத்துது தம்பி! ஆனா மெதுவா.”

“அப்ப மோட்டர் உயிரோட இருக்கு. அதைக் கிளப்பிவிடுற கப்பாசிட்டர்தான் போட்டுது. சங்க மண்டபத்தில சீலிங் ஃபேன் ஒண்டு இருக்கெல்லே? அதுக்குள்ளயும் அப்பிடி ஒண்டு கிடக்கு, கழட்டுங்கோ.”

“ஐயோ, அது எங்கட மீற்றிங் ஃபேன்!”

“இண்டைக்கு விசுக்கிக்கொண்டு மீற்றிங் வையுங்கோ. முதல்ல மெயினை நிப்பாட்டுங்கோ.”

“நிப்பாட்டியாச்சு.”

“ஆர் நிப்பாட்டினது?”

“நான்தான்.”

“திரும்பப் போய்ப் பாருங்கோ அக்கா.” இதை மூன்று தடவை சொன்னார்.

படம் உறைந்து, அறுந்து, மீண்டும் வந்தபோது பவளராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே மேசைமேல் நின்றார். இரண்டு பெண்கள் மேசைக் காலைப் பிடித்திருந்தார்கள். பழுதான கப்பாசிட்டரிலும் ஃபேனிலிருந்து கழற்றியதிலும் எழுதியிருந்த எண்ணை அவர் வாசித்தார். இரண்டும் ஒன்றுதான். எந்த வயர் எதோடு என்று சுஜீதன் சொல்லச் சொல்ல, வெளி மிசினில் மாட்டினார். கடைசியில் மெயினைப் போட்டார்கள்.

விசிறி சுழன்ற சத்தம் வேனுக்குள் நிரம்பியது. சுஜீதன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கால்மணி நேரத்தில் பதினொன்று பத்தாயிற்று, பிறகு ஒன்பது. திரைக்குள் ஒவ்வொரு முகமாக வந்து நன்றி சொல்லிவிட்டு விலகியது.

“நான் என்ன செய்தனான்? அக்காவெல்லோ ஏறினவ” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பவளராணி தொலைபேசியுடன் குளிரறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். திரை இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து அவருடைய சிரிப்பு மட்டும் கேட்டது. “இப்ப நீயும் உள்ளுக்குத்தான் நிக்கிறாய் தம்பி. குளிருதோ?”

வெளியே தார் வீதி உருகிக்கொண்டிருந்தது. சுஜீதன் இருக்கைக்குப் பின்னால் கிடந்த, குளிரறை வேலைக்குப் போடும் தடித்த ஜக்கெற்றை எடுத்து மாட்டி, ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.