காதுவலிக்குச் சீட்டுப் போட்டது

மூன்று வயது மகளுக்குக் காதுவலி வந்தபோது, திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எப்போது அழுதாள், எந்தக் காது, எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வழியில் மூன்று முறை சரிபார்த்தேன். டாக்டர் கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

"உங்க விருப்பம் என்னம்மா?"

அந்த வாரம் அங்கே பயிற்சி. வைத்தியத்தை டாக்டர் தனியாக முடிவு செய்யாமல், நோயாளியையும் சேர்த்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டுமாம். அதைச் சொல்லிக்கொடுக்கச் செங்கல்பட்டிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மா, மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மேசையில் இரண்டு மெல்லிய அட்டைகளை வைத்தார். பாட்டில் படம் போட்டது, இன்றே ஆன்டிபயாடிக். கடிகாரம் போட்டது, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து இரண்டு நாள் பார்ப்பது. லேசான வலிதான், பெரும்பாலும் தானே சரியாகும். ஆன்டிபயாடிக்கால் சில குழந்தைகளுக்கு வயிறு போகும் என்று பொறுமையாக விளக்கினார்.

"நீங்களே சொல்லிடுங்க டாக்டர்."

அவர் ஓரக்கண்ணால் மூலையைப் பார்த்தார். "ரெண்டுமே சரிதாம்மா," என்றார், பரீட்சையில் பதில் சொல்கிறவர் குரலில்.

"உங்க குழந்தையா இருந்தா?"

மறுபடி மூலை. அங்கே பேனா ஓடியது.

கதவருகில் முழங்காலைப் பிடித்தபடி நின்றிருந்த மீன்காரம்மா, "இன்னாமா, ஏலத்துல இம்மாநேரம் யோசிச்சா வெறுங்கூடதான் வூட்டுக்குப் போவும்," என்றார்.

எங்கள் வீட்டில் வரன் முடிப்பதானாலும் வீடு மாறுவதானாலும் சாமி முன்னால் சீட்டு மடித்துப் போட்டு, குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். என் கை அதுபாட்டுக்கு இரண்டு அட்டைகளையும் நான்காக மடித்தது. குலுக்கி மேசையில் போட்டு, "ஒண்ணு எடு கண்ணு," என்றேன்.

பயிற்சியாளரின் பேனா நின்றுவிட்டது. மீன்காரம்மா செருப்பைக் கழற்றினார்.

மகள் ஒன்றை எடுத்து, டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்காவிடம் நீட்டினாள். பாட்டில். அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்த ரோஸ் கலர் மருந்து அவளுக்குப் பாயசம் மாதிரி.

நர்ஸ் அக்கா அட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சாமியே சொல்லிடுச்சு. உன் மூஞ்சி இன்னாத்துக்குத் தொங்கிகினு கீது?"

அப்போதுதான் சொன்னேன். போன முறை அதே மருந்தில் ஆறு நாள் வயிறு போய்க் குழந்தை துவண்டுவிட்டது. காத்திருக்கத்தான் எனக்கு இஷ்டம். ஆனால் காத்திருந்து காதுக்கு ஏதாவது ஆனால், படித்த பெண் வெறுங்கையோடு வந்தாளே என்று மாமியார் ஆயுசுக்கும் சொல்வார்.

"இதைத்தாம்மா கேட்டேன்," என்றார் டாக்டர். மூலையைப் பார்க்காமலே ஆன்டிபயாடிக்குக்கு ஒரு சீட்டு எழுதினார். "கையில வச்சுக்கங்க. ரெண்டு நாள்ல வலி குறையலன்னா வாங்கிக் கொடுங்க. நடுவுல காய்ச்சலோ சீழோ வந்தா உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

"அப்போ கொழந்த எடுத்ததுக்கு மருவாதி இல்லியா?" என்றார் மீன்காரம்மா.

வீட்டில் மாமியார் கேட்டார்: "டாக்டர் இன்னா சொன்னாரு?"

"ரெண்டு நாள் பாக்கலாம்னு முடிவு பண்ணோம் அத்தை."

"யாரு?"

"நானும் டாக்டரும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனார்.

அந்த இரண்டு நாளில் நான் காதை எட்டிப் பார்த்த பார்வையில், மகள் என்னைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டாள். அதையும் வலி என்று நினைத்து நர்ஸ் அக்காவுக்கு நான்கு முறை போன் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் காதை மறந்துவிட்டு, ரோஸ் மருந்து எங்கே என்று அழுதாள். சீட்டை அலமாரியில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

அடுத்த மாதம் வைட்டமின் சொட்டு மருந்துக்குப் போனபோது, டாக்டர் மேசையில் அதே இரண்டு படங்கள். கெட்டியாக லேமினேட் செய்திருந்தார்கள். யாரும் பார்க்காதபோது ஒன்றை மடித்துப் பார்த்தேன். மடியவில்லை.