காட்டுமாடனுக்கு இரண்டு குரல்

வெள்ளறடைக்கு மேலே மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. அதற்கும் மேலே காடு. அந்தக் காட்டில் காட்டுமாடன் இருக்கிறான் என்பார்கள். நெற்றியிலிருந்து முழங்கால் வரை முடி தொங்குமாம். நம் வீட்டு ஆட்களின் குரலிலேயே கூப்பிட்டு, மேலே கொண்டுபோய்விடுவானாம். ஆனால் இரண்டு தடவைதான் கூப்பிடுவான். மூன்று வரை எண்ண அவனுக்குத் தெரியாது. அதனால் அங்கே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் யாரைக் கூப்பிட்டாலும் மூன்று தடவை கூப்பிடுவார்கள். மூன்றாவது கேட்காமல் யாரும் பதில் கொடுப்பதில்லை.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சிலும் முதுகிலும் கருகருவென்று முடி. மாடன் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டது ஊருக்குத் தெரியவில்லை என்று கேலி செய்வேன். அவரும் சட்டையைக் கழற்றிவிட்டு உறுமிக் காட்டுவார். எந்நேரமும் விளையாட்டுத்தான் அந்த மனிதருக்கு.

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு காலை. அவர் மேல் வரிசையில் வெட்டினார், நான் கீழே. கைபேசிக்கு அங்கே ரேஞ்ச் கிடையாது. "பிள்ளே" என்று என்னைக் கூப்பிடும் அவர் குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. கத்தியைப் பிடித்தபடி நின்றேன். மூன்றாவது வரவில்லை.

விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டேன் என்றுதான் என் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். பொய். எனக்குப் பயம். ஏறிப் பார்க்காமல், மிச்சமிருந்த மரங்களிலும் பால் வெட்டி முடித்தேன்.

வாளியோடு மேலே போனபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தடியில் சாய்ந்து கிடந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"நான் விளிச்சது கேக்கல்லியா?" என்றார்.

"இல்ல. ஒண்ணும் கேக்கல்ல."

"ரெண்டு தடவ விளிச்சேன். பின்ன மூச்சு கிட்டல்ல."

ரோட்டுக்கு ஓடிப்போய் ஆளைக் கூட்டிவந்து, தூக்கி இறக்கி, ஆட்டோவில் ஏற்றினோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நான் அழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"காத்து மறுபக்கமாக்கும் அடிச்சுது. அதான் ஒனக்கு கேக்காத்தது. நீ வெசனப்படாதே."

அதற்குமேல் அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உயிர் இல்லை. வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன்.

அன்று மலையில் காற்றே இல்லை. அது அவருக்கும் தெரியும்.