மலைக்கு ஆயிரம் மைல்

“1974 ஜூன், இரண்டாம் வாரம். மோட்டார் வீட்டுக்கு வந்தது. சிவப்பு டாங்கி. மீட்டரில் 11 மைல். மாலையில் மழை.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். தானா ராத்தா டவுன் மோட்டார் சைக்கிள் கடையிலிருந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பதினொரு மைல் வராது. கடைக்காரர் ஓட்டிப் பார்த்திருப்பார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். சந்தோஷம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. ஆனால் அன்றிரவு மழை விட்ட பிறகு இரண்டு முறை எழுந்து போய், சாக்குத் துணி போர்த்தி வைத்திருந்த அந்த மோட்டாரைத் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது.

அது சவாரிக்காக வாங்கிய மோட்டார் அல்ல. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நான் அப்போது தற்காலிகக் கணக்கெழுத்தாளன். அப்பா தேயிலை ஆலையில் வேலை செய்தார். அந்த வருடக் கடைசியில் அவருக்கு ஓய்வு. நாங்கள் இருந்த லயத்து வீடு தோட்டத்தினுடையது. அவர் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். தற்காலிக ஆளுக்கு வீடு கிடையாது. அந்த நேரத்தில்தான் மேல் டிவிஷனின் வெளிக்காட்டுக் கிராணி வேலை, அதாவது செடிக்காட்டைச் சுற்றிப் பார்க்கும் குமாஸ்தா வேலை, காலியானது. நிரந்தர வேலை, கூடவே வீடு. ஆனால் மேல் டிவிஷன் பாதைகளில் லேண்ட் ரோவர் நுழையாது என்பதால், சொந்த மோட்டார் உள்ளவன்தான் வேண்டும் என்று தோட்டத்து மேலாளரான வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். தவணையில் மோட்டார் எடுத்தோம்.

புது இஞ்சினை உடனே விரட்டக் கூடாது. உள்ளே உரசும் இரும்புகள் ஒன்றுக்கொன்று பழகும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும். இதற்கு ‘ரன்னிங்’ என்று பெயர். கடையில் கொடுத்த ஆங்கிலக் கையேட்டை முழுக்கப் படித்திருந்தேன். முதல் ஐந்நூறு மைலுக்கு வேகம் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, செங்குத்தான ஏற்றத்தில் திணறடிக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் இதற்கு வேறொரு வழக்கமும் இருந்தது. புது மோட்டாரை மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அங்கேயே சாவியைக் கைராசிக்காரன் கையில் கொடுத்துவிடுவார்கள். ரன்னிங் முழுவதும் அவன் கையில்தான். முடிந்தது என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன அன்று உடையவன் வீட்டில் கோழி அடித்து அவனுக்குச் சோறு போட வேண்டும். அதற்கு முன்னால் உடையவன் மோட்டாரைத் திருப்பிக் கேட்டால் ராசி போய்விடும் என்பார்கள்.

அந்தக் கைராசிக்காரன் என் நண்பன். பக்கத்து லயம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கொழுந்து லோரி ஓட்டினான். மதியத்துக்கு மேல் அவனுக்கு வேலை இல்லை. தோட்டத்தில் அதுவரை வந்த மோட்டார்கள் எல்லாம் அவன் கையில் பழகியவைதாம். ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை.

கோயில் வாசலில் சாவியை வாங்கிக்கொண்டு, “என்னா கிராணியாரே, உக்காந்து கையெழுத்து போட்டுப் பழகுங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்” என்றான்.

“இன்னும் கிராணி ஆவலடா.”

“ஆயிருவடா. ஆனா கோழி சின்னதா இருந்தா சாவி வராது, இப்பவே சொல்லிப்புட்டேன்.”

அம்மா அன்றைக்கே ஒரு சேவலை ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். தானா ராத்தாவிலிருந்து தார் ரோட்டில் பிரிஞ்சாங் ஊர் வரைக்கும் போய் வருவதாகச் சொன்னான். புகைபோக்கியின் நிறம், பிளக்கின் கரி எல்லாவற்றையும் எனக்குக் காட்டுவான். ஒழுங்காகத்தான் செய்தான் என்பதை எழுதியாக வேண்டும்.

ஜூலைக் கடைசியில் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, துரை கேக்குறாரு. மோட்டார் ரெடியா? அவரைப் பின்னால ஏத்திக்கிட்டு மேல் டிவிஷன் ஒரு சுத்து சுத்திக் காட்டணும். அதான் பரீட்சை. உன் பேரைத்தான் நான் எழுதி வச்சிருக்கேன்.”

“ரன்னிங்ல இருக்குங்க. முடிஞ்சதும் வந்து சொல்றேன்.”

“சீக்கிரம் முடி. துரைக்குப் பொறுமை கெடையாது.”

அன்று மாலையே நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துரை பின்னால் உட்காரப் போவதையும், என் பேர் எழுதியிருப்பதையும், ஒன்று விடாமல். மீட்டரில் அப்போது ஐந்நூறு தாண்டியிருந்தது. கையேட்டை விரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

அவன் சிரித்தான். “இத எழுதினவன் ஜப்பான்ல ரோட்டுல உக்காந்து எழுதினான். நம்ம ஏத்தத்த அவன் பாத்தானா? கீழ ஐந்நூறுன்னா மலைக்கு ஆயிரம். இன்னும் இறுக்கமா இருக்குடா. துரைய ஏத்திக்கிட்டு நடுக்காட்டுல இஞ்சின் இறுகி ஜேம் ஆச்சுன்னு வையி, மோட்டாரும் போச்சு, வேலையும் போச்சு.”

“இன்னும் எத்தன நாளு?”

“நான் சொல்றேன்லா. அவசரப்படாத.”

அடுத்த ஞாயிறும் இறுக்கமாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். நான் நம்பினேன். இஞ்சினின் இறுக்கம் கைக்குத்தான் தெரியும், என் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. வழக்கத்தை மீறிச் சாவியைக் கேட்கவும் வாய் வரவில்லை. அம்மாவும் கேட்கக் கூடாது என்றார். பெரிய கிராணியிடம் இரண்டு முறை தவணை சொன்னேன். இரண்டாம் முறை அவர் தலையைத் தூக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, கொழுந்துக் கூடைகளோடு வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மேல் டிவிஷனில் கொழுந்தெடுக்கும் அக்காள் ஒருத்தி கூடையைத் தராசில் வைத்தாள்.

“என்னாய்யா, உன் செவப்பு மோட்டாருக்கு யோகந்தான். துரையே ஏறிட்டாரு.”

“எந்த மோட்டாரு?”

“ஆமா, இவருக்குத் தெரியாது! நேத்து சாயங்காலம் எங்க கொழுந்து நெரைக்கு மேல போனாங்க. லோரிக்காரன் முறுக்குன முறுக்குல துரை அவன் இடுப்ப ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டாரு.”

“பொஞ்சாதி கூட அப்புடிக் கட்டமாட்டா” என்றாள் பின்னால் நின்றவள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டு என்றே நினைத்தேன். எடை எழுதும்போது ஒரு கூடையை இரண்டு முறை எழுதிவிட்டு அடித்துத் திருத்தியதும் நினைவிருக்கிறது.

மத்தியானம் அவன் லயத்துக்குப் போனேன். மோட்டார் வாசலில் நின்றது. கழுவியிருந்தான். ஆனால் மட்கார்டின் அடியில் தேயிலைத் துளிரும் சேறும் அப்பியிருந்தன. தானா ராத்தா ரோட்டில் தேயிலைச் செடி மட்கார்டில் ஏறாது. பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இரண்டு கம்பிகளும் கீழே விரிந்திருந்தன. அந்த நாள் வரைக்கும் அவை கடையிலிருந்து வந்தபடி மேலே மடங்கியே இருந்தன.

அவன் வெளியே வந்தான். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான்.

“துரையே கூப்பிட்டாருடா. நான் என்னா செய்ய? மோட்டாரோட நிக்கிறேன், மேல போவணும்னாரு. வேணாம்னு சொல்ல முடியுமா?”

“இறுக்கமா இருக்குன்னியே.”

அவன் சாவியை நீட்டினான். பிறகு, நல்ல செய்தி சொல்பவன் போல, “ரன்னிங் முடிஞ்சிருச்சு. ஒரு கொறையும் இல்ல. ரெண்டு பேரோட ரெண்டாவது கியர்லயே ஏறுது” என்றான்.

வேலை அவனுக்கு என்று அந்த வாரமே ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். என் மோட்டாரை அவனுடையது என்று எண்ணி, லோரிக்காரன் சொந்த மோட்டார் வாங்கிவிட்டானே என்று தோட்டத்தில் சிலர் வியந்ததையும் நான் கேட்டேன். ஒரு மாதத்துக்குள் அவனும் தவணையில் ஒன்று எடுத்தான். அதை யாரிடமும் ரன்னிங்குக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் அந்தத் துரோகத்தை நான் முழுதாக உணர்ந்தது பலகைக்கு முன்னால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவன் சோற்றுக்கு வந்தான். ரன்னிங் முடிந்தது என்று சொல்லிவிட்டானே, வழக்கப்படி வந்தான். வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். அம்மா அந்தச் சேவலை அடித்துக் குழம்பு வைத்திருந்தார். அப்பா எழுந்து நின்று, “வாங்க கிராணியாரே” என்றார். அதுவரை பெயர் சொல்லி, வாடா போடா என்று கூப்பிட்ட பையனை வாங்க என்றார்.

சாப்பிடும்போது அப்பா மெல்ல ஆரம்பித்தார். “வருசக் கடைசியில எனக்கு முடியுது. வீட்ட ஒரு ஆறு மாசம் விட்டு வைக்கச் சொல்லி துரைக்கிட்ட ஒரு வார்த்த...”

“சொல்லிப் பாக்கறேன் மாமா” என்றான் அவன், எலும்பைக் கடித்துக்கொண்டே.

அம்மா அவன் இலையில் இன்னொரு துண்டு வைத்தார். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மூவரில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவும் அப்பாவும் செய்தது எதற்காக என்று புரியாமல் இல்லை. புரிந்ததால் ஆத்திரம் குறையவும் இல்லை. அன்றைய நாட்குறிப்பில் “கோழி” என்று மட்டும் இருக்கிறது.

ஆறு மாதம் கிடைக்கவில்லை. 1975 ஜனவரியில் வீட்டைக் காலி செய்து அதே மலையில் கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டக்காரரின் பலகை வீட்டுக்குக் குடிபோனோம். நான் அவருக்கு முட்டைக்கோஸ் கணக்குப் பார்த்தேன். அந்த மோட்டார் எட்டு வருடம் ஓடியது. ஒருமுறைகூட இஞ்சின் ஜேம் ஆகவில்லை. அவன் கைராசி அப்படி. நல்ல மோட்டார் என்று யாராவது சொன்னால் நான் இன்றும் பேச்சை மாற்றிவிடுவேன்.

1983-இல் தானா ராத்தா பஸ் நிலையத்தில் பெரிய கிராணியைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். பக்கத்து முஸ்லிம் கடையில் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து, அந்த மாலையைப் பற்றிக் கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார். துரைதான் அவனைக் கூப்பிட்டார், அது உண்மை. ஆனால் அதற்கு முந்திய நாட்களில் வேலை முடிந்த பிறகு அவன் தினமும் மோட்டாரோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றான், அதுவும் உண்மை. ஏறி உட்காருமுன் துரை, “இது யாருடைய மோட்டார்?” என்று மலாய் மொழியில் கேட்டார்.

“அவன் என்னாங்க சொன்னான்?”

“ஏதோ சொன்னான். இஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு தம்பி. எனக்குக் கேக்கல.”

துரை அதற்கு முன்பே நாடு திரும்பிவிட்டார். நண்பனும் 1985-இல் தோட்டத்தை விட்டுப் போனான். ஜொகூர் பக்கம் என்றார்கள். அதுவரை ஒரே மலையில் இருந்தும் நான் அவனிடம் கேட்கவில்லை. துரையிடம் மோட்டார் தன்னுடையது என்றானா, நண்பனுடையது என்றானா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. உறுதி செய்யப்படவில்லை என்றே குறித்து வைத்திருக்கிறேன்.