முன்கூட்டியே சொன்ன நன்றி

எங்கள் அன்பு அப்பா இறைவனடி சேர்ந்த அந்தக் காலையில், கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மாவும் நானும் அவர் அருகில் இருந்தோம். அப்பாவின் தங்கையான மாமி வத்தளையிலிருந்து வந்து தலைமாட்டில் செபமாலை சொன்னார். கட்டாரில் வேலை செய்யும் தம்பியால் வர முடியவில்லை. தொலைபேசியில் கூடவே செபித்தான்.

அப்பா இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வெள்ளவத்தை மாடிவீடுகளுக்குக் குழாய் பொருத்தும் தொழிலாளியாக, ஊர்ப் பேச்சில் 'பாஸ்' ஆக, உழைத்து எங்களைப் படிக்கவைத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிப்படிப்பை முடித்தவன் நான் என்பதால், வீட்டின் எழுத்துவேலை முழுவதும் என்னுடையது.

ஏழு வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். கோவில் அலுவலகத்தில் பூசையில் வாசிக்க எழுதிக்கொடுக்கும் துண்டில், "சிகிச்சை நலமாக நடக்க வேண்டி" என்று எழுதினேன். அப்பா வாசித்துக் காட்டச் சொன்னார்.

"ஏன் மகன் இப்பிடி எழுதினனி? நலமா நடந்ததுக்கு நன்றி எண்டு மாத்து."

கூட நின்ற மாமி விடவில்லை. "வெட்ட முதலே நன்றியோ அண்ணை? டொக்டர்மாருக்கே இன்னும் தெரியாது."

"நான் அட்வான்ஸ் வாங்கின வீட்டு வேலையை ஒருநாளாவது அரைகுறையா விட்டனானோ? நன்றியை முன்னமே வாங்கின ஆண்டவர் மட்டும் விடுவாரோ?"

ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை அதை அப்படியே வாசித்துவிட்டார். வாசலில் சனம் அப்பாவைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் கைகுலுக்கினார், இன்னொருவர் காயம் ஆறிவிட்டதா என்று கேட்டார். இனித்தான் வெட்டப்போகிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சிரித்து விளக்கி அப்பா களைத்துப்போனார்.

சிகிச்சையன்று பயமா என்று கேட்டேன்.

"பயம்தான் மகன். ஆனா சொன்ன நன்றியைத் திருப்பி வாங்கேல்லை."

பிழைத்து வந்தார். என் பட்டமளிப்பைப் பார்த்தார். தம்பியின் கலியாணத்தில், அம்மா சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, பைலா ஆடினார்.

சென்ற வருடம் வைத்தியர்கள் கைவிரித்தபோது மறுபடி துண்டு எழுதக் கூப்பிட்டார். என்னவென்று எழுத என்று கேட்டேன்.

"நலமாப் போய்ச் சேர்ந்ததுக்கு நன்றி எண்டு எழுது. நான் செத்து முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போடு."

எழுத என்னால் முடியவில்லை. அவர் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்தபோது அப்பா சிரித்தார், நானும்தான்.

அப்பாவைப் பார்த்த வைத்தியர்கள், தாதியர், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தை, உடல் வீட்டில் இருந்த மூன்று நாளும் தேநீர் ஊற்றிய அயலவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முப்பத்தோராம் நாள் பூசையில் அந்தத் துண்டு வாசிக்கப்பட்டபோது கோவிலில் முதலில் சிரித்தது மாமிதான், அழுததும் அவர்தான். பிறகு நான் பூசைக் காணிக்கை செலுத்த அலுவலகத்துக்குப் போனேன். அப்பா ஏற்கெனவே கட்டிவிட்டார் என்றார்கள்: ஐந்நூறு ரூபாய்.