காக்கைச் சோறும் ஆமையின் கண்ணும்

என் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை எங்கே வருகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு தொண்டையோடு நின்றுவிடும். மனசில் இருக்கிற கோபம் எழுதினால்தான் இறங்கும் போலிருக்கிறது.

எங்கள் வீடு பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமத்தில். பாகம் பிரித்தபோது கிழக்குப் பாதி அண்ணனுக்கும் மேற்குப் பாதி எனக்கும் வந்தது. தோட்டத்தில் நடுவே ஒரு மதில். என் பக்கம் அந்த மதிலை ஒட்டித்தான் ஆமைக்குக் கூண்டு கட்டினேன். உள்ளே ஒரு சிமெண்டுத் தொட்டி, ஏறி வெயில் காய ஒரு கல், கொஞ்சம் மணல்.

ஆமை என் மகள் வாங்கியது. புதுச்சேரியில் நர்சிங் படித்தபோது மீன் தொட்டி விற்கிற கடையில் வாங்கிவந்தாள். ஏரியில் பிடித்தது இல்லை. காதோரம் சிவப்புக் கோடு போட்ட வெளிநாட்டு ஆமை. அப்போது பிஸ்கட் அளவு இருந்தது. இப்போது டிபன் தட்டு அளவு. மகள் வேலைக்குச் சென்னை போகும்போது, "அப்பா, இத்த ஒன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்" என்றாள். இன்றைக்கும் போன் செய்தால் முதலில் அதைத்தான் கேட்பாள், பிறகுதான் அவள் அம்மாவை, கடைசியில் என்னை.

வந்த நாளிலேயே அண்ணி முகத்தைச் சுளித்தாள். "யாராவது ஆமய வூட்ல வப்பாங்களா? குடும்பம் வெளங்குமா?" என்றாள். தெருவே அவள் பக்கம். அதை ஒன்றும் நினைக்காதவர் எங்கள் அப்பா ஒருவர்தான். காலையில் வாய்க்காலுக்குப் போய் வள்ளைக்கீரை பறித்து வருவார். கூண்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, வாயில் பீடியோடு, கீரையைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவார். "இந்தாடா, துன்னு. எனக்குத்தான் பல்லு இல்ல, ஒனக்குமா இல்ல?" என்பார். அது கழுத்தை நீட்டி அவர் விரல்வரைக்கும் வரும்.

முதலில் தெருநாய் வந்தது. கம்பெனியில் பேக்கிங் வேலை முடித்து நான் வீட்டுக்கு வந்தபோது ஆமை மல்லாந்து கிடந்தது. ஓட்டில் பல் பதிந்திருந்தது. சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் வைத்துக் கட்டினேன். பிறகு கீரி மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே வந்தது. நல்லவேளை, என் மனைவி துணி காயப்போட வந்தவள் பார்த்து விரட்டினாள். சுவரோரம் பள்ளம் எடுத்து, முழங்கை ஆழத்துக்குக் கம்பி வலை புதைத்தேன். மேலே மட்டும் திறந்தே விட்டேன். வெயில் படாவிட்டால் ஓடு கெட்டுப்போகும் என்று மகள் சொல்லியிருந்தாள். மேலே இருந்து என்ன வந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அப்பா போன வருஷம் இறந்தார். எண்பது தாண்டியவர். மார்ச்சளி. ஒரு கட்டு பீடி ஒரு நாளைக்குப் போதாது. அடக்கம் முடித்து வந்து உட்கார்ந்ததுமே அண்ணி, "அது வந்த நேரம்" என்றாள். கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள். இத்தனை வருஷம் குடித்த பீடியை விட்டுவிட்டு, கீரை தின்கிற ஜீவன்மேல் பழியைப் போடுகிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து கூண்டுப் பக்கம் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளுக்கு அப்பாவுக்கு அண்ணன் வீட்டில் படையல். அண்ணன் இலையில் சோறு எடுத்துப்போய் அந்த நடு மதில்மேல் வைத்து, கா கா என்று கூப்பிடுவார். காக்கை தொட்ட பிறகுதான் எல்லோரும் சாப்பிட வேண்டும். அப்பாதான் காக்கையாக வருகிறார் என்பது எங்கள் நம்பிக்கை. நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் மதிலில் வைத்த சோறு பாதி என் பக்கம் விழும். கூண்டுக்குள் விழும்.

ஆடி அமாவாசை அன்று அப்படித்தான் விழுந்தது. ஆமை கழுத்தை நீட்டிச் சோற்றைத் தின்றது. சோற்றுக்கு இறங்கிய காக்கைகளில் ஒன்று அதன் கண்ணில் கொத்திவிட்டது. நான் கல்லை எடுத்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் கத்தினார்.

"டேய், யார்ரா அது கல்லு எடுக்கிறது? அப்பாடா அது."

கையில் இருந்த கல்லைக் கீழே போட்டேன். அதற்குள் இன்னொரு கொத்து.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குக் கூடையில் தூக்கிப்போனேன். வரிசையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், "இன்னா தலைவா, எத்தினி லிட்டர் கறக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. மருந்து கொடுத்து, வலது கண் இனி தெரியாது, இன்னொரு கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

அண்ணனிடம் போய் நின்று, சோற்றை வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒன் ஆமைக்காக அப்பாவ எடம் மாத்தச் சொல்றியா? நல்லா கீதுடா ஞாயம்."

"ஆமைக்கு இருக்கிற மவுசு பெத்தவருக்கு இல்ல" என்றாள் அண்ணி உள்ளே இருந்து.

திரும்பி வந்துவிட்டேன். அந்த வாரமே வேலை விட்டு வரும்போது வில்லியனூரில் இறங்கிப் புதுக் கம்பி வலை ஒரு சுருள் வாங்கினேன். பஸ்ஸில் கண்டக்டர் வலை யாரையாவது குத்தும் என்று வழியெல்லாம் திட்டினார். மதிலின் மேல்விளிம்பில் ஆணி அடித்து, கூண்டின் தலைமேல் இழுத்துக் கட்டினேன். வெயில் உள்ளே வரும், காக்கை வராது.

புரட்டாசி அமாவாசை வந்தது. அண்ணன் இலையை மதில்மேல் வைத்துக் கூப்பிட்டார். காக்கைகள் வேப்பமரத்தில் வந்து உட்கார்ந்தன. பளபளவென்று புதுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு கிட்டேயே வரவில்லை. பக்கத்து வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு மறுபடியும் மரத்துக்கே போயின. எங்கள் இலை அப்படியே காய்ந்தது. வடை ஆறியது. பிள்ளைகள் பசியில் சிணுங்கின.

"அப்பா கோச்சிக்கினாரு" என்றார் அண்ணன். குரல் உடைந்துவிட்டது. அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணி என்னையே பார்த்தாள். "வலய அவுத்து வுடுங்க. பெத்தவரு பட்டினியா நிக்கிறாரு."

அவிழ்த்திருப்பேன். மதில்மேல் ஆணிக்குக் கையும் போனது. அந்தப் பக்கம் கீழே கூண்டில் அது ஒற்றைக் கண்ணோடு என்னை அண்ணாந்து பார்த்தது.

"ண்ணா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தெனம் கீரை பறிச்சி ஊட்டினவரு அப்பா. அவரு இது கண்ணக் கொத்துவாரா? கொத்தினது அப்பான்னு நீ சொல்றதுதான் அப்பாவுக்கு அசிங்கம்."

நான் அந்த இலையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். அண்ணன் வீட்டுப் பின்னால் போர்வெல் மோட்டார் கொட்டாய் இருக்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் அப்பா பீடி குடிப்பார். கூரைமேல் இலையை வைத்தேன். அண்ணன் பின்னாலேயே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியை எடுத்து இலையோரம் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை இறங்கியது. பிறகு எல்லாம் வந்தன.

"பீடிக்குத்தான் வந்திருப்பாரு" என்று முணுமுணுத்தார் அண்ணன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பிட்டோம். ஆனால் ஆமையின் கண் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த அமாவாசைக்குப் பழையபடி மதிலில்தான் வைக்க வேண்டும், வழக்கத்தை மாற்றக் கூடாது என்று பாத்திரம் கழுவும்போது அண்ணி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். வைக்கட்டும். வலையை நான் அவிழ்க்க மாட்டேன்.

எழுதி முடித்தது புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள், திங்கட்கிழமை.