விட்டுக்கொடுத்த புரோகிராம்

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் பட்டதாரிகளுக்கு உயர்நிலைத் தரவுத்தளப் பாடம் நடத்திய ஒரே ஆள் நான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்படி ஒரு பாடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. என் அம்மா அக்கம்பக்கத்தில், "மக கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றா" என்று சொல்லிவைத்திருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் கெட்டுப்போன ரேடியோவும் காற்றாடியும் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

நான் பாடம் நடத்திய இடத்தைக் கல்லூரி என்று பலகைதான் சொன்னது. உண்மையில் அது ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையின் மேல்மாடி. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு டிப்ளோமாவை அங்கே நடத்தினார்கள். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒன்றுவரை என் வகுப்பு. பதினோரு மணிக்குக் கீழே ஆட்டுக்கறி கொதிக்க ஆரம்பித்ததும் மாணவர்களின் கண் கரும்பலகையில் இருக்கும், மனசு படியிறங்கிப் போய்விடும். கடைக்கார பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பதினொன்னரைக்கே விட்டுட்டா கறி சூடா கெடைக்கும் டீச்சர்" என்பார். நான் முறைப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வெளிநாட்டில் முதுகலை முடித்து, படிப்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கோபத்தையும் கொண்டுவந்திருந்தேன். ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் நடத்திய பாடத்தில் பாதியை நானும் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். தடித்த புத்தகம் ஒன்று. மாணவர்களுக்கு ஒரு வாரம் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

திரையும் தட்டச்சுப் பலகையுமாக இரண்டு டெர்மினல்கள் பொருத்திய ஒரு பழைய கணினி இருந்தது. அதற்குக் குளிர்சாதன அறை, எங்களுக்கு மின்விசிறி. வெயில் ஏற ஏற, சந்தேகம் கேட்கிற சாக்கில் ஒவ்வொருவராக அந்த அறைக்குள் நுழைவார்கள். மாணவர்கள் ஏழு பேரும் பட்டதாரிகள். வங்கியில் வேலை பார்த்த ஒரு சீனப் பெண்ணைத் தவிர மற்றவர்கள் என்னைவிட மூத்தவர்கள்.

அவர்களில் மூத்தவருக்கு நாற்பத்தாறு வயது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். சிலிம் ரிவர் பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கணிதத்தில் பட்டம் வாங்கி, கோப்பெங்கில் ஓர் ஈயச் சுரங்க அலுவலகத்தில் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். ஈய விலை விழுந்தது, சுரங்கத்தை மூடினார்கள். ஒரு காப்புறுதி நிறுவனம் தன் கணினிப் பிரிவில் அவருக்கு ஓர் இடம் வைத்திருந்தது. டிப்ளோமாவோடு போனால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள். எழுத்துத் தேர்வில் அவர் ஒருமுறை தவறி, மறுமுறைதான் தேறியிருந்தார். செய்முறைத் தேர்வில் தவறினால் மறுவாய்ப்பு கிடையாது. மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். பத்து காஜாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அவர் மனைவி வாராவாரம் எனக்குக் கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் கொடுத்தனுப்புவார். "லஞ்சம்தான் டீச்சர், வாங்கிக்குங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நானும் வாங்கிக்கொள்வேன்.

ஒன்பதாவது வாரம் பூட்டுகளுக்கு வந்தோம். ஒரே தகவலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் குழப்பம் வரும். அதனால் ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாதபடி கணினி பூட்டிவைக்கும். ஆனால் இவரிடம் இருப்பது அவருக்கு வேண்டும், அவரிடம் இருப்பது இவருக்கு வேண்டும், இருவரும் விடமாட்டோம் என்று நின்றால் வேலை அப்படியே உறைந்துபோகும். இதை விளக்க, ஒரு தோட்டத்துப் பாலத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். ஒரு லோரிதான் போகலாம். இரண்டு பக்கமிருந்தும் லோரிகள் ஏறி நடுவில் மூக்கோடு மூக்கு நிற்கின்றன. என்ன செய்வது?

"எந்த லோரியில பால் இருக்கு?" என்றார் அண்ணன்.

"எந்தப் பால்?"

"கித்தா பாலுலா டீச்சர். பால் லோரின்னா அதுக்குத்தான் மொதல்ல வழி விடணும். வெயில்ல நின்னா கட்டியாயிடும்."

இரண்டிலும் பால் இல்லை என்றேன். அப்படியானால் எதில் ஆள் ஏற்றியிருக்கிறார்கள் என்று இன்னொருவர் கேட்டார். தோட்டத்து மானேஜர் காரில் பின்னால் வந்தால் என்ன செய்வது என்று மூன்றாமவர். பின்னால் போவதில் எந்த டிரைவர் கெட்டிக்காரர் என்பது வரை விவாதம் போனது. எனக்குத் தலை சுற்றியது. வெறும் பெட்டி இரண்டு, அம்புக்குறி இரண்டு என்று வரையாமல் லோரி வரைந்த என் புத்தியை நொந்துகொண்டு அழித்துவிட்டேன்.

அண்ணனின் செய்முறைத் திட்டம் ஒரு கோயில் கல்யாண மண்டபத்துக்கான பதிவு முறை. மண்டபம் தனி, சமையல் பாத்திரங்கள் தனி. ஒரு டெர்மினலில் இருப்பவர் மண்டபத்தைப் பிடித்துக்கொண்டு பாத்திரம் கேட்பார், இன்னொருவர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மண்டபம் கேட்பார். இந்த இக்கட்டை புரோகிராம் தானாகத் தீர்க்க வேண்டும். நல்ல திட்டம் என்று நானே பாராட்டியிருந்தேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒத்திகை பார்த்தோம். ஒரு டெர்மினலில் அண்ணன், மற்றதில் வங்கிப் பெண். இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினார்கள். இரண்டு திரையிலும் 'திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து 'மறுபடி முயல்கிறேன்' என்றது. பிறகு மறுபடியும் 'திரும்பப் பெற்றுக்கொண்டேன்'. ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. திரைகள் வரி வரியாக நிரம்பிக்கொண்டே போயின. மண்டபம் யாருக்கும் கிடைக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், தான் கேட்பது அடுத்தவர் கையில் இருந்தால் தன் கையில் இருப்பதையும் விட்டுவிட்டு ஒதுங்கும்படி அண்ணன் எழுதியிருந்தார். இரண்டு பக்கமும் அதே மரியாதை. இருவரும் ஒரே நேரத்தில் ஒதுங்கினார்கள், ஒரே நேரத்தில் திரும்பி வந்தார்கள், மறுபடி ஒதுங்கினார்கள்.

"விட்டுக் குடுக்கறது நல்லதுதானே டீச்சர்?" என்றார். அவர் முகத்தில் உண்மையான குழப்பம். "அடுத்தவங்க கையில இருக்கறதப் புடுங்க முடியுமா?"

எனக்கு வந்த கோபத்தில் எல்லோர் முன்னாலும் பொரிந்து தள்ளிவிட்டேன். "இது கம்ப்யூட்டர் அண்ணே, சம்பந்தி வீடு இல்ல! ரெண்டு பேரும் நீங்க மொதல்ல, நீங்க மொதல்லன்னு நின்னா பொண்ணுக்கு எப்ப தாலி கட்டறது?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. அன்றைக்கு அவர் கறிபாப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இதற்கான வழியை நடத்தினேன். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் வரிசையில் ஓர் எண் கொடுக்க வேண்டும். சின்ன எண் என்றால் மூத்தது. மூத்தது கேட்பது இளையதிடம் இருந்தால், மூத்தது காத்திருக்கலாம். இளையது கேட்பது மூத்ததிடம் இருந்தால், இளையது அங்கேயே செத்துப்போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புத்தகத்தில் அந்தப் பக்கம் அத்தோடு முடிந்தது. நானும் முடித்தேன். கீழே கறி கொதித்துக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கு முறை பிடித்திருந்தது, சொல்தான் பிடிக்கவில்லை. "கல்யாண மண்டபத்துல சாவு எதுக்கு டீச்சர்? நல்லாவா இருக்கு?" என்றார். உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டேன். இளையது சாக வேண்டிய இடத்தில் 'சிலா துங்கு, ஓராங் துவா டுலு' என்று மலாயில் வரும்படி வைத்தார். காத்திருங்கள், பெரியவர்கள் முதலில் என்று அர்த்தம். சாவைவிட அது எவ்வளவோ மேல் என்று வகுப்பே ஒப்புக்கொண்டது.

தேர்வு நாளன்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் அறுபது தாண்டிய வெள்ளைக்காரர். தலை முழுக்க நரை. கீழே பாய் கடையில் மீன் தலைக் கறியை ஒரு கை பார்த்துவிட்டு, கண்ணும் மூக்கும் சிவக்க மேலே ஏறி வந்தார். ஆசிரியர் பின்னால் உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்திருந்தார்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு தேர்வாளர், "நானே ஒரு மண்டபம் பதிவு செய்கிறேன்" என்று அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மறுபக்கம் வங்கிப் பெண். வங்கி விரல்கள், சும்மா பறக்கும். அவர் ஒரு பதிவை நிரப்புவதற்குள் அவள் அடுத்ததைத் தொடங்கிவிடுவாள். தேர்வாளர் திரையில் 'சிலா துங்கு, ஓராங் துவா டுலு' என்று வந்தது. மறுபடி முயன்றார். அதே வரி. ஆறு தடவை ஆனது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பெரியவர்கள் முதலில் என்று எழுதியிருப்பதாக அண்ணன் மெல்லச் சொன்னார். தேர்வாளர் தன் நரைத்த தலையைத் தடவிக்கொண்டு, இருபத்து மூன்று வயது வங்கிப் பெண்ணை எட்டிப் பார்த்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. புரோகிராமை அச்செடுத்து வரி வரியாகப் பார்த்தார். "மறுபடி தொடங்கும்போது ஏன் புது எண் கொடுக்கிறீர்கள்? செத்துப்போனவன் ஒவ்வொரு தடவையும் கடைக்குட்டியாகத்தானே திரும்பி வருவான்? பழைய எண்ணோடு வர வேண்டுமென்று உங்களுக்குச் சொல்லித்தரவில்லையா?"

மடியில் இருந்த புத்தகத்தில் நான் பாடத்தை முடித்த பக்கத்தைத் திருப்பினேன். மறுபக்கத்தின் முதல் நான்கு வரியில் அதுதான் இருந்தது. அன்றைக்கு நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அண்ணன் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடியில் புரிந்துகொண்டார். "சொல்லிக்கொடுத்தார்கள் ஐயா. நான்தான் மறந்துவிட்டேன்" என்றார் ஆங்கிலத்தில்.

நான் எழுந்துவிட்டேன். விதியாவது ஒன்றாவது. "இல்லை, நான் சொல்லித்தரவில்லை. என் தவறு" என்றேன்.

"நடத்தினார்கள் ஐயா. அன்றைக்கு நான் லீவு."

அவர் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. நான் அலமாரியைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து தேர்வாளர் முன்னால் விரித்து, ஒவ்வொரு சனிக்கிழமையாக விரல் வைத்துக் காட்டினேன். என் குற்றத்தை நானே ஆதாரத்தோடு நிரூபித்த நாள் அது ஒன்றுதான். அண்ணன் விடவில்லை, பதிவேட்டில் தவறு இருக்கலாம் என்றார். என் கையெழுத்து ஒழுங்கானது என்று நான் சண்டைக்குப் போனேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இரண்டு பேரும் உட்காருங்கள்" என்றார். பிறகு அண்ணனிடம், "நான் கீழே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறேன். அதற்குள் சரி செய்தால் சரி, இல்லையென்றால் தேர்ச்சி இல்லை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பெரிதாக மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை, மூன்று வரிதான். ஆனால் அண்ணனின் விரல் எழுத்தைத் தேடித் தேடி அலைந்தது. நான் பக்கத்தில் போகக் கூடாது. பின்வரிசையில் உட்கார்ந்து என் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்தேன். இந்த மனிதருக்கு வேலை போனால் அது என்னால்தான்.

தேர்வாளர் வந்து உட்கார்ந்தார். முதல் தடவை 'சிலா துங்கு' வந்தது. இரண்டாவது தடவை, வங்கிப் பெண் எவ்வளவு வேகமாக அடித்தும், மண்டபம் அவருக்குக் கிடைத்தது. அண்டா குண்டா சகிதமாக.

"சரி, ஏன் பழைய எண்ணையே வைத்தீர்கள்? உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அவர் முதலிலிருந்து தொடங்குவது அவர் விரும்பிச் செய்தது இல்லை ஐயா. போ என்றார்கள், போனார். திரும்பி வரும்போது அவருடைய வயதையும் பிடுங்கிக்கொண்டு புது ஆள் என்று நிறுத்தினால், அவர் கடைசிவரை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்."

வங்கிப் பெண் திரையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். தேர்வாளர் என்னவோ எழுதினார், வெகுநேரம் எழுதினார். அண்ணனுக்குக் கை கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, பாடப்புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் என்றார். அதை அப்படியே அறிக்கையிலும் எழுதியிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அண்ணன் தேறினார். காப்புறுதி வேலையும் கிடைத்தது. செய்தி சொல்ல வந்த நாளில் படிக்கட்டில் அவரை நிறுத்தி, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் ஏசியதற்கும் தேர்வில் கவிழ்க்கப் பார்த்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்நாளில் நான் மன்னிப்புக் கேட்டவர்கள் குறைவு. சரியாக வரவில்லை, திக்கியது.

"அட விடுங்க டீச்சர்," என்றார். "அடுத்த செட்டுக்கு மட்டும் அந்தப் பக்கத்த மறக்காம சொல்லிடுங்கலா. என்னைய மாதிரி எவனாவது வந்து ஒக்காந்திருப்பான், பாவம்."

அடுத்த ஆண்டு புது மாணவர்கள் வந்து உட்கார்ந்த முதல் சனிக்கிழமை, முதல் மணி நேரத்திலேயே, மறுபடி தொடங்குகிறவரிடம் பழைய எண்ணைப் பறிக்கக் கூடாது என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பூட்டு என்றால் என்ன என்பதையே நான் அவர்களுக்கு இன்னும் நடத்தியிருக்கவில்லை.